2030 வரை எஃப்.சி. இருக்கிறது, சரி, வண்டி எப்படி இருக்கிறது?

கேள்வி: உசிலம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் நாலைந்து நாள் மதுரைக்கும் சில சமயம் தேனிக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. மதுரை அண்ணா நகரில் 2015 ஜூனில் பதிவான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. டி.என். 64 பதிவு, இரண்டாவது ஓனர், மீட்டரில் 96,000 கிலோமீட்டர். "ஆர்.சி.யைப் பாருங்க, 2030 ஜூன் வரைக்கும் எஃப்.சி. இருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்கிறார் விற்பவர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மைத்துனன், "இங்கே சோதனையில் எந்த வண்டி எவ்வளவு ஃபெயில் ஆகுதுன்னு வருஷா வருஷம் பட்டியல் போடுவாங்க, அதைப் பார்த்து வாங்குங்க மச்சான்" என்கிறான். நான் எதை நம்புவது?

பதில்: விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் காட்டும் தேதிக்கும் வண்டியின் நிலைமைக்கும் சம்பந்தமில்லை. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவிலிருந்து 15 வருடம் பதிவு செல்லும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் 'ஃபிட்னஸ்' என்று வருவதும் அந்தத் தேதிதான். ஷோரூமிலிருந்து புதிதாக இறங்கியபோது போட்ட தேதி. அதற்குப் பிறகு இந்த வண்டியின் அடியில் குனிந்து பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த அதிகாரிக்கும் வந்ததில்லை. மஞ்சள் போர்டு டாக்சிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடாவருடம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காட்ட வேண்டும். அந்த வகையில், அதே வயதுடைய டாக்சியின் பிரேக்கையாவது யாரோ பார்த்திருப்பார்கள். வெள்ளை போர்டுக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது.

2030இல் பதிவைப் புதுப்பிக்கப் போவது நீங்கள்தான். படிவம் 25, கட்டணம் 5,000 ரூபாய், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்வை. தேறினால் அடுத்த 5 வருடம். முந்தைய இரண்டு ஓனர்களும் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அன்றைக்கு உங்கள் தலையில் விழும். எனவே விற்பவரிடம் தேதியைக் கேட்காதீர்கள். இந்த வண்டியை இன்றைக்கே சோதனைக்கு நிறுத்தினால் தேறுமா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலை.

மைத்துனர் சொல்லும் பட்டியல் உண்மையானது. ஜெர்மனியில் புதுக் காருக்கு மூன்றாம் வருடம் முதல் சோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. சோதிக்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று டூஃப் (TÜV). எந்த மாடல், எந்த வயதில், நூற்றுக்கு எத்தனை பெரிய குறையோடு வந்தது என்று அது வருடந்தோறும் வெளியிடுகிறது. நம்மூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2017இல் ருமேனியாவின் கிரயோவா ஆலை ஈகோஸ்போர்ட்டைத் தயாரிக்கத் தொடங்கும் வரை ஐரோப்பாவுக்குப் போனவை நம் மறைமலை நகர் ஆலையில் செய்தவைதான். உங்களுக்கு வரும் வண்டியும் அங்கே போன வண்டியும் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை.

இருந்தாலும் அந்தச் சதவீதத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். பிரேக் பைப்பும் அடித்தகடும் துருவேறியே பல வண்டிகள் மாட்டுகின்றன. மதுரை வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே வெயில் ரப்பரைத் தின்கிறது, ஸ்பீட் பிரேக்கர் சஸ்பென்ஷனைத் தின்கிறது. இன்னொன்று: சோதனைக்கு முந்தின நாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் சரிசெய்த குறை பட்டியலில் ஏறாது. ஒழுங்காகப் பராமரிக்கும் ஆட்கள் வாங்கும் மாடல் அதனாலேயே நல்ல பெயர் எடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சோதனை பார்ப்பது பாதுகாப்பையும் புகையையும்தான். கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர், டைமிங் பெல்ட், ஏ.சி. எதுவும் அதில் வராது. பழைய டீசல் வண்டியில் காசைக் கரைப்பதோ அவைதான்.

அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எதை எதைப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும்: விளக்கு, பிரேக், முன்பின் அச்சு, ஸ்டீயரிங், டயர், ஆயில் கசிவு, புகை. இதே வரிசையை மதுரையில் நீங்கள் செய்யலாம்.

முதலில் விற்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. வாட்டர் சர்வீஸ் விடக் கூடாது. பளபளவென்று கழுவி வைத்த என்ஜினில் எந்தக் கசிவும் தெரியாது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

குளிர்ந்த நிலையில் டிப் ஸ்டிக்கையும் கூலன்ட் டப்பாவையும் பாருங்கள். டீசல் என்ஜின் ஆயில் கருப்பாக இருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, கூலன்ட்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீர் துரு நிறத்தில் நின்றாலோதான் யோசிக்க வேண்டும். இன்ஜெக்டர்களைச் சுற்றித் தார் மாதிரி கருப்பாகக் கட்டியிருந்தால் அடிவாஷர் போய்க் காற்று கசிகிறது.

இப்போது சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, மீட்டரைக் கவனியுங்கள். என்ஜின் எச்சரிக்கை விளக்கும், வண்டியில் இருந்தால் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகளும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் குறை இருக்கிறது. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். குறையை மறைக்க யாரோ அந்த விளக்கையே செத்துப்போக வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் தெரியும். அழித்த குறைக் குறியீடு மறுபடி வருகிறதா என்று பார்க்க, ஓட்டிவிட்டு வந்து இரண்டாவது முறையும் போடச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். முதல் ஓரிரு நொடி லேசான புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது: டர்போ சீல், வால்வ் சீல் அல்லது ரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திரண்டு வரும் கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், இ.ஜி.ஆர்., இன்ஜெக்டர் என்று சில்லறையிலிருந்து பெரிய செலவு வரை காரணம் இருக்கலாம். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, திருகாமல் அப்படியே மேலே வையுங்கள். மூடி லேசாக ஆடினால் சரி. குதித்துக் கீழே விழுந்தால் சிலிண்டர் அழுத்தம் ரிங்கைத் தாண்டி வருகிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று நீட்டுவார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு உங்கள் கண் முன்னால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பி.எஸ். 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் காருக்குப் புகை அடர்த்தி 50 எச்.எஸ்.யூ.வைத் தாண்டக் கூடாது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து எடுக்க வேண்டிய சோதனை அது; குழாயை சும்மா செருகிப் படம் எடுத்துக்கொண்டு அனுப்புவது சோதனை இல்லை. தேறினால் போதாது, எவ்வளவு வந்தது என்ற எண்ணைப் பாருங்கள். 48 வந்த வண்டி அடுத்த வருடம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து லிஃப்ட். வீல் அலைன்மென்ட் கடையிலோ வாட்டர் சர்வீஸ் ராம்ப்பிலோ ஏற்றிப் பார்க்கச் சிறு தொகை ஆகும். இதைத் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் இந்த ரக வண்டியின் குணம் அடியில்தான் தெரியும். 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கிறதே என்று வரப்பிலும் ஓடையிலும் விட்டிருப்பார்கள். பார்க்க ஜீப் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது சின்னக் காரின் சஸ்பென்ஷன்.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள்: டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் ராக். லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் வெடித்திருக்கிறதா, லிங்க் ராட் லொடலொடக்கிறதா, ஷாக் அப்சார்பர் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்சிலின் இரு முனையிலும் உள்ள ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால், உள்ளே மண் போய் சி.வி. ஜாயின்ட் தேய ஆரம்பித்துவிட்டது. பூட் மட்டும் மாற்றும் கட்டத்தில் செலவு கொஞ்சம், தாண்டிவிட்டால் ஆக்சில்.

பிரேக்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கின் விளிம்பில் விரலை வைத்துத் தடவினால் வரம்பு மாதிரி தட்டும். அந்த உயரம்தான் தேய்மானம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து ஒப்பிடலாம். பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரம் தெரிவது: வீல் சிலிண்டர் கசிகிறது, பிரேக் ஆயில் ஷூவில் படுகிறது, ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காமல் போகும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதைப் பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். டப்பாவில் காப்பி நிறத்தில் இருந்தால் அதுதான் கதை.

இந்த வண்டிக்கே உரிய ஒரு இடம், பின்கதவு. ஸ்டெப்னி அதன் மேலே தொங்குகிறது. பத்து வருடமாக அத்தனை கனத்தையும் கீல் தாங்குகிறது. கதவைப் பாதி திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினாலோ, மூடும்போது தூக்கிக் கொடுத்தால்தான் பூட்டில் உட்காருகிறது என்றாலோ கீல் தொய்ந்துவிட்டது. ஸ்டெப்னி டயர் பட்டன் புதிதாக இருப்பதைக் காட்டி "ஓடவே இல்ல சார்" என்பார்கள். ஓடவில்லைதான், வெயிலில் நின்றிருக்கிறது. உறையைக் கழற்றிப் பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்து டயரிலும் தயாரிப்பு எண்ணைப் படியுங்கள். நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி தேறாது; பள்ளத்துக்குள் சின்ன மேடு வைத்திருப்பார்கள், ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் என்று சமாதானம் சொல்வார்கள். அலைன்மென்ட் ஏன் கலைந்தது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் லோயர் ஆர்மில் இருக்கும், சில சமயம் முன்னால் வாங்கிய இடியில் இருக்கும்.

விளக்குகளைச் சுவரில் சோதிக்கலாம். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல்கோடு முன்விளக்கின் மைய உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் முதலில் ஸ்க்ரூவில் சரிசெய்து பார்க்கலாம். நிற்காவிட்டால் விளக்குத் தாங்கி உடைந்திருக்கிறது, முன்பக்கம் அடிவாங்கியதன் அடையாளம் அது. அதிக வாட் பல்பு போட்டிருந்தால் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் உருகியிருக்கும். முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டியிருந்தால் அழகு என்று நினைக்காதீர்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதன் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டர் கழற்றச் சொல்வார்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதும் பார்க்க வேண்டும். டி.என். 64 என்பதால் மதுரையிலேயே இருந்தது என்று ஆகிவிடாது. முதல் ஓனர் சென்னையில் வைத்து ஓட்டியிருந்தால் 2015 டிசம்பர் வெள்ளம், தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் என்றால் 2023 டிசம்பர் வெள்ளம். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள், கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை நிற்கும். சீட்டுக்கு அடியில் அது நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் மண் வாடை. டேஷ்போர்டைப் பாலிஷ் போட்டு மாற்றலாம், இவற்றை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

ஓட்டிப் பார்ப்பதை அண்ணா நகர் தெருவோடு முடித்துவிடாதீர்கள். ரிங் ரோட்டில் 80இல் போகும்போது "ஹூம்" என்ற இரைச்சல் வந்து, லேசாக வளைத்தால் கூடினாலோ குறைந்தாலோ வீல் பேரிங். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 40இல் போய் ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பிரேக் அழுத்துங்கள். ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. காலியிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் கடகடவென்று கேட்பது சி.வி. ஜாயின்ட். நான்காவது கியரில் 40இல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

வீட்டில் காட்ட வேண்டும் என்று சொல்லி வண்டியை உசிலம்பட்டிக்கு ஒருமுறை கொண்டுவரச் சொல்லுங்கள். விற்பவர் சம்மதித்தால் அப்படியே நான்கு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, மத்தியானத்தில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்குங்கள். ஏற்றத்தில் டர்போவும் கிளட்சும் கூலிங்கும் பதில் சொல்லும், இறக்கத்தில் பிரேக் பதில் சொல்லும். தேனிக்கு நீங்கள் ஓட்டப்போகும் பாதையும் அதுதானே.

இனி எந்தச் சோதனையும் பார்க்காத டைமிங் பெல்ட். இந்த 1.5 டீசலில் இருப்பது பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி என்ஜின் தலை போய்விடும். 96,000தான் ஓடியிருக்கிறது என்று சமாதானம் ஆகாதீர்கள். ரப்பருக்குக் கிலோமீட்டரோடு வயதும் கணக்கு. மாற்றிய பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்து மாற்றக் கொட்டேஷன் வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். "நல்லாத்தானே ஓடுது" என்பார். அறுகிற நிமிடம் வரை நன்றாகத்தான் ஓடும்.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தாலும் சர்வீஸும் பாகங்களும் தொடர்கின்றன. பேட், ஃபில்டர், புஷ் வெளியிலும் கிடைக்கும்; பாடி பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம், மறுவிற்பனையும் கொஞ்சம் மந்தம். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். சேசிஸ் எண்ணை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பழைய சர்வீஸ் பதிவுகளில் மீட்டர் எண் ஏறுமுகமாக வருகிறதா என்று தெரியும். கூடவே ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தொடக்க காலத் தயாரிப்புகளுக்கு ரீகால் வந்ததுண்டு. பதிவு 2015 ஜூன் என்றாலும் தயாரிப்பு மாதம் எது என்பதை ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட், புஷ், லிங்க் ராட், டயர், பேட்டரி இவையெல்லாம் பேரத்துக்கு உரியவை. பட்டியல் போட்டுக் கழியுங்கள். ஆயில் மூடி குதிப்பது, நீலப் புகை, சேற்றுக் கறை, முன்பக்க ஏப்ரனில் (பானெட்டுக்குள் இருக்கும் பக்கத் தகடு) வெட்டி ஒட்டிய வெல்டிங், சேசிஸ் எண்ணில் சுரண்டல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த விலைக்கும் வேண்டாம்.

எல்லாம் சரியாக வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பரிவாகனில் அபராதச் சலான் பாக்கியையும், ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயரையும் பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் படிவம் 35 கொடுத்துப் பெயரை நீக்காவிட்டால் மாற்றம் நடக்காது. படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கி 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அதே 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் பாதுகாப்புதான் உங்களோடு வருகிறது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறாத நிலையில் வண்டி அடிபட்டால், சொந்தச் சேதத்துக்கு கிளைம் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸும் உங்களுக்குச் சேராது. மீதித் தவணைக்கு அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், அதையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.